வெள்ளைச் சோறும் பதினான்கு மைலும்

"இந்தக் காலு நடக்கவே யோசிக்குது. இதுக்கு ஓட்டம் வேறயா?"

ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்த அன்று டிரெஸர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இது. கட்டுப் போடுகிறவர், மருந்து கலக்குகிறவர், டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர், எல்லாம் அவர்தான். குட்டையான மனிதர், வாய் மட்டும் நீளம். நான் கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல் ஒன்றால் அவர் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மற்றக் காலையும் தட்டினார். அதுவும் சும்மா தொங்கியது.

"என்ன நடக்கணும் சார்?" என்று கேட்டேன்.

"காலு தானா எழும்பணும்."

"உங்க காலத் தட்டிக் காட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுத் தட்டிக்கொண்டார். பாதம் துள்ளி எழுந்தது. கால்சட்டை போட்ட பெரிய மனிதரின் கால் அவரைக் கேட்காமலே துள்ளுவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏ புள்ள, வந்த எடத்துல வாத்தியார் வேல பாக்காத லா!"

நான் வாத்தியார்தான். மலாக்காவின் கஜா பேராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் ஏழாம் வகுப்புவரை போன முதல் பெண். எங்கள் வீட்டில் முதல் ஆளும் நான்தான். அப்பாவும் அம்மாவும் பெருவிரலைத்தான் மையில் தோய்ப்பார்கள். அன்று ஆஸ்பத்திரி அட்டையில் என் பெயரை நானே எழுதினேன். கால் செத்துக் கிடந்தாலும் கையெழுத்து நேராக விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இப்போது உடம்பு தேறிவிட்டது. வார்டில் நான் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன். யுத்தம் இன்னும் முடியவில்லை. அரிசியும் அதே அரிசிதான்.

முதலில் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் வந்த மறு வருடம் பள்ளிக்கு ஒரு தாள் வந்தது. கடற்கரைத் திடலிலிருந்து புக்கிட் ரம்பாய் போய்த் திரும்ப ஒரு நீண்ட ஓட்டம். இளைஞர்களும் பள்ளி ஆசிரியர்களும் பெயர் கொடுக்கலாம். போக ஏழு மைல், வர ஏழு மைல். மாரத்தான் என்று இருபத்தாறு மைல் ஓடுவார்கள் என்று நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். அப்போதே ஒரு கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு தூரம் போகும்போது உடம்புக்குள் என்னதான் நடக்கும்? தாளில் பெண்கள் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்டது மறதியாகத்தான் இருக்கும். அதற்குள் நான் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரோடு போடும் கூலி. புக்கிட் ரம்பாய் ரோட்டுக்குத் தார் ஊற்றிய கூட்டத்தில் இருந்தவர். "அது நா போட்ட ரோடு பாப்பா," என்றார். "மூணாவது கல்லு தாண்டி ஒரு ஏத்தம் வரும். பாத்தா தெரியாது, காலுக்குத்தான் தெரியும்." எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அந்தப் பதினான்கு மைலையும் அன்று நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

அண்ணன் சைக்கிளில் கூட வந்தான். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு 'தடக்'. அந்தத் தடக்குக்குத்தான் நான் அடி எடுத்து வைத்தேன். அம்மா சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டாள். "ஓடுற புள்ள, படிப்பும் சொல்லிக் குடுக்குற புள்ள," என்று தட்டில் சோற்றைக் குவிப்பாள்.

ஏழெட்டு வாரம் ஓடினேன். முதலில் நன்றாக இருந்தது. பிறகு பாதம் மரத்தது. தரையில் மிதிக்கிறேனா பஞ்சில் மிதிக்கிறேனா என்று தெரியவில்லை. கெண்டைக்கால் வலித்தது. ஓடுகிறவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் என் ஒரு செருப்பு கழன்று போனதே தெரியாமல் அரை மைல் ஓடியிருக்கிறேன். அண்ணன்தான் பார்த்தான். அடுத்த வாரம் நான்காவது கல்லருகே இரண்டு கால்களும் மடங்கின. மயக்கம் இல்லை, வலியும் இல்லை. கால்களுக்கு எழுந்திருக்கும் வழி மறந்துபோனது போல் இருந்தது. அண்ணன் என்னைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து, தடக் தடக்கென்று நான்கு மைல் உருட்டிக்கொண்டு வந்தான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். "பிள்ளை, குந்தி இருந்திட்டு, கையை ஊண்டாமல் எழும்பும் பாப்பம்," என்றார். குந்தினேன், எழும்ப முடியவில்லை. கெண்டைக்காலை அழுத்தினார், கத்திவிட்டேன். என் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலைத் தடவினார். "தொடுறது தெரிஞ்சால் சொல்லும்." எப்போது தொடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தொட்டு முடித்துவிட்டிருந்தார்.

வந்தது பெரிபெரி. இதைத் தொற்று என்று பலர் பயப்படுகிறார்கள். தொற்றல்ல. சாப்பாட்டில் இருக்க வேண்டிய ஒரு சத்து இல்லாமல் போவதால் நரம்பு வாடுகிறது. அந்தச் சத்து அரிசியின் வெள்ளையில் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் தவிட்டில் இருக்கிறது. நோய் இரண்டு விதமாக வரும். ஒன்றில் கால் மரத்து மெலியும், எனக்கு வந்தது அது. மற்றதில் உடம்பு நீர் கோத்து வீங்கும், இருதயம் தளரும். முழங்காலைத் தட்டுவதும் நரம்பைச் சோதிக்கத்தான். தட்டிய செய்தி முதுகுத் தண்டுக்குப் போய் உடனே காலுக்குத் திரும்பி வர வேண்டும். என் காலில் அது வழியிலேயே நின்றுவிட்டது.

"வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"எல்லாரும் ஒரே பானையிலைதானே சாப்பிடுறனீங்கள்?"

"ஆமா," என்றேன். அது பொய் என்று எனக்கே தெரியாது.

வார்டில் முப்பது கட்டில். ஜப்பானியர் உத்தரவுப்படி சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டும், ஜன்னல் மலாக்கா நேரம் காட்டும். கடிகாரத்தில் காலை ஏழு அடிக்கும்போது வெளியே சேவல்கூட யோசித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டிலில் மாக் லெச்சுமி இருந்தார். எங்கள் கஜா பேராங்கின் செட்டி வீட்டு அம்மாள், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்செல்லாம் மலாய். அவருக்கு வீங்கும் வகை. கால் இரண்டும் வெள்ளரிப் பழம் போல் பளபளக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். குழி மூடுவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் எண்ணினோம். நான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த கதையைச் சொன்னதும், "லாரி? கீலா கா?" என்றார். ஓட்டமா, பைத்தியமா உனக்கு என்று அர்த்தம். ஆனால் மறுநாளே நர்சைக் கூப்பிட்டு என்னைக் காட்டி, இவள் ஓட்டக்காரி, நல்ல கஞ்சியாக ஊற்று என்று மலாயில் அதட்டினார்.

எதிர்க் கட்டிலில் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கும் வீக்கம். நாலாம் நாள் விடியும்போது மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தாள், டிரெஸர் ஓடி வந்தார், அவ்வளவுதான். கடிகாரத்தில் ஏழு அடிக்கும்போது கட்டிலில் வேறு பாய் விரித்திருந்தார்கள். அன்று நான் யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டு என் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா வந்திருந்தபோது டாக்டரும் வந்தார்.

"அம்மா, பிள்ளைக்கு வீட்டிலை என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள். பதில் சொல்லப் பெருமையாக இருந்தது அவளுக்கு. "எம்புள்ளைக்கு நா ஒரு கொறையும் வைக்கல டாக்டர். பச்சரிசிச் சோறுதான். கூப்பன் அரிசியில சுண்ணாம்பும் தூசியுமா இருக்கும். ஏழு தண்ணி ஊத்திக் கழுவுவேன். கஞ்சிய நல்லா வடிச்சிருவேன். மல்லியப்பூ மாதிரி இருக்கும்."

"மற்ற ஆக்கள்?"

அம்மாவின் குரல் இறங்கியது. "நாங்க என்னா... ஊபிக் கெழங்க அவிச்சித் தின்னுக்குவோம். அவரு ரோட்டு வேலைக்குப் போற எடத்துல மலாய்க்காரங்க நெல்லு குடுப்பாங்க. அத நானே ஒரல்ல போட்டுக் குத்துவேன். எல்லாம் தவிடும் நொய்யும்தான். வடிச்ச கஞ்சிய அதுல ஊத்திக் குடிச்சிக்குவோம். அதையெல்லாம் ஏன் டாக்டர் கேக்குறீங்க, வெக்கமா இருக்கு."

"அந்தத் தவிட்டிலைதான் அம்மா சத்தெல்லாம் இருக்கு," என்றார் டாக்டர். வீட்டில் இரண்டு பானை இருந்திருக்கிறது. பள்ளிக்குப் போவதற்கு முன் எனக்கு முதலில் தட்டு வரும். தின்றுவிட்டுக் கை கழுவிப் போய்விடுவேன். மற்றவர்கள் என்ன தின்கிறார்கள் என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி கேட்கிறவள் என்று பெயர் வாங்கிய நான், என் வீட்டு அடுப்பில் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

யுத்தத்துக்கு முன் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ரங்கூன் புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். தமிழர்கள் அதனால்தான் இந்த நோய்க்கு அதிகம் அகப்படாமல் இருந்தார்களாம். எங்கள் ஆட்களுக்குப் பச்சரிசி என்றால் பொங்கல், படையல், விருந்தாளி. அது உயர்ந்த அரிசி. கூப்பனில் பச்சரிசி வந்ததும் அம்மா அதை என் தட்டுக்கென்று ஒதுக்கிவிட்டாள். சாமிக்கு வைப்பதைத் தினமும் எனக்கு வைத்தாள். நானோ அந்த வெள்ளைச் சோற்றைத் தின்றுவிட்டு ஓடினேன். ஓட ஓட உடம்பு அந்தச் சத்தை இன்னும் அதிகமாகக் கேட்கும். இருந்த கொஞ்சமும் ரோட்டிலேயே தீர்ந்துபோயிற்று.

டாக்டர் போன பிறகு அம்மா என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப நாந்தான் எம்புள்ள கால எடுத்துட்டனா?"

அவள் இரண்டு கைகளாலும் என் பாதத்தைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

இல்லை என்று சொல்லலாம். அம்மா நம்பமாட்டாள். "அரிசிதாம்மா எடுத்துச்சி," என்றேன். "நீ எனக்கு ரெண்டு பான வச்சிட்ட. இனிமே ஒரு பான வை. நீங்க திங்கிறத நானும் திங்கிறேன்."

"தவிட்டையா? டீச்சர் புள்ள தவிட்டத் திம்பியா?"

மாக் லெச்சுமிக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. தவிடு மட்டும் புரிந்துவிட்டது. "தெடாக்!" என்று தன் கால்களைக் காட்டினார். "ஸாயா புன் மாக்கான் தெடாக்!" நானும் தவிடுதான் தின்கிறேன் என்கிறார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊசி மருந்து எங்கும் கிடைக்கவில்லை. அதனால் வைத்தியம் முழுவதும் சமையலறையிலிருந்து வந்தது. வறுத்த தவிடு, முளைகட்டின பச்சைப்பயறு, இன்னொன்றும் உண்டு. காலையில் டிரெஸர் ஒரு எனாமல் குவளையை நீட்டினார். புளித்த வாசம். கள்ளின் அடியில் தங்கும் வண்டல் அது. அதில் அந்தச் சத்து நிறைய இருக்கிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கள்ளுக்கடைக்குப் போவதை நிறுத்த நான்தான் இரண்டு வருடம் சண்டை போட்டிருந்தேன். படித்த பிள்ளை இருக்கிற வீடு என்று சொல்லிச் சொல்லியே நிறுத்திவிட்டேன். அப்பா அன்று கட்டிலருகே நின்று நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்தார்.

"நா குடிச்சா கெட்ட பழக்கம். நீ குடிச்சா டாக்டர் எழுதிக் குடுத்தது."

"வண்டல்தாம்பா இது. கள்ளு இல்ல."

"அப்ப மேல இருக்கிற கள்ள என்னா பண்றாங்க? கேட்டுச் சொல்லு, நீதான் எல்லாம் கேப்பியே."

டிரெஸர் சிரித்ததில் கையிலிருந்த குவளைகள் ஆடின.

இரண்டாம் வாரம் நான் ஒரு வேலை தொடங்கினேன். கண்ணை மூடிக்கொள்வேன். அம்மா பஞ்சைக் கால்விரல் நுனியிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு வருவாள். தொடுவது தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மைப் பென்சிலால் காலில் ஒரு கோடு போடுவேன். முதல் நாள் கோடு முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையில். பத்து நாள் கழித்துக் கெண்டைக்காலின் பாதிக்கு இறங்கியது. டிரெஸர் போர்வையை விலக்கிப் பார்த்து, "என்னா இது, அளவுகோலா?" என்றார். ஆனால் அதன் பிறகு வார்டு சுற்ற வரும்போதெல்லாம், "கோடு எங்க வந்துருக்கு?" என்றுதான் கேட்பார்.

நான் பெயர் கொடுத்த ஓட்டம் அந்த மாதத்திலேயே நடந்து முடிந்தது. திடலிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் ஆஸ்பத்திரிவரை கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அண்ணன் வந்து, "முப்பது பேர் போனாங்க, பாதிப் பேர் லாரியில திரும்பி வந்தானுங்க," என்றான். அது ஆறுதலுக்குச் சொன்ன பொய்யாக இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

ஆறாவது வாரம் கைத்தடியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கோடு கணுக்காலில் இருந்தது. மாக் லெச்சுமிக்கும் வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஒரு துண்டு கூலா மெலாக்காவை இலையில் சுற்றி என் கையில் வைத்தார். பனைவெல்லம் போன்ற அந்த வெல்லத்தை அப்போது கண்ணால் பார்ப்பதே அரிது. அம்மா அதை வறுத்த தவிட்டோடு இடித்து உருண்டை பிடித்தாள். வீட்டில் அடுப்பில் ஒரே பானை இருந்தது.

அப்பாதான் மறுபடி ஆரம்பித்து வைத்தார். "மொதக் கல்லு வரைக்கும் நடந்து வா. கல்லத் தொட்டுட்டு திரும்பிரு." முதல் மைல்கல்லைத் தொட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது கல்லில் தடியை விட்டேன். மூன்றாவதைத் தாண்டியதும் அப்பா சொன்ன ஏற்றம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். முன்பு ஓடியபோது அது எங்கே இருக்கிறது என்றே நான் அறியவில்லை, அறிகிற கால் அப்போது இல்லை. இந்த முறை கெண்டைக்காலில் சுருக்கென்று பிடித்தது. நடு ரோட்டில் நின்று, "அண்ணே, ஏத்தம் தெரியுதுண்ணே!" என்று கத்தினேன்.

"ஏத்தம் வந்தா எல்லாரும் அழுவாங்க. நீ என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிற," என்றான் அண்ணன்.

மறு வருடத் தாள் வந்தபோது மறுபடியும் பெயர் கொடுத்தேன். இப்போதும் பெண்கள் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. புறப்படும் நேரம் கடிகாரப்படி ஏழு. திடலில் ஆள் முகம் தெரியாத இருட்டு. ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கை நோக்கி எல்லோரும் வணங்கினோம், விசில் ஊதினார்கள். ஆண்கள் எல்லோரும் முதல் கல்லுக்குள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். எனக்குத் துணை தடக் தடக் மட்டும்தான். ஏழாவது கல்லில் அப்பாவும் அவரோடு ரோடு போட்ட நான்கு பேரும் நின்றார்கள். இரண்டு மைலுக்கு ஒரு உருண்டை என்று அம்மா கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன் சைக்கிளில் வந்தபடியே என் வாயில் ஊட்டினான். தவிடு தொண்டையில் ஒட்டிக்கொண்டது. திரும்பும்போது பத்தாவது மைலில் நடந்தேன். பன்னிரண்டாவதில் மறுபடி நடந்தேன். இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் உட்காரவில்லை. பாதம் முழுக்க எரிந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எரிவதை எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தும் இருந்தன.

திடலுக்கு வந்தபோது பரிசு கொடுத்து முடிந்து, கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முதலுதவிப் பெட்டியோடு டிரெஸர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உக்காரு," என்றார். முறைத்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். அண்ணன், லாரியில் முன்பே திரும்பியிருந்த அப்பா, கொடி சுருட்டுகிறவர்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். தட்டினார். கால் துள்ளி எழுந்து பெட்டியை உதைத்தது. பஞ்சும் கட்டுத் துணியும் புல்லில் கொட்டின. அம்மா தூரத்தில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்து, விழுந்துவிட்டேன் என்று நினைத்து என் பாதத்தைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைமேல் உட்காரவைத்து, மர அடிக்கோலின் விளிம்பால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தேன். அவர்களுக்கு அது புது விளையாட்டு. கால் எழும்பும்போதெல்லாம் வகுப்பே கத்தியது. மூன்று பிள்ளைகளுக்கு எழும்பவில்லை. சாயங்காலம் அந்த மூன்று வீட்டுக்கும் போய், நேராக அடுப்படிக்குள் நுழைந்து, எத்தனை பானை என்று பார்த்தேன். மூன்றிலும் இரண்டு பானை.

இன்று காலை கடிகாரத்தில் ஏழு அடிக்கும்போது, அந்த மூன்று தாய்மாரோடும் பிள்ளைகளோடும் ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தேன்.